எங்கே கிடைத்தது?

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கே தாத்தா புறப்பட்டுத் தயாராகிவிடுவார். சட்டைப் பையில் இரண்டு பென்சில்கள். தோளில் ஒரு துணிப்பை. அந்தப் பைக்குள் தடித்த குறிப்பேடு ஒன்றும், அளவுகோல் ஒன்றும், உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றும் எப்போதும் இருக்கும். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பண்டார் பாருவிலிருந்து மெர்போக்கிற்குச் செல்வார். அங்குள்ள பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அரும்பொருளகத்தைக் காண வரும் பள்ளி மாணவர்களுக்குத் தமிழில் விளக்கம் சொல்வார். இது அவர் விரும்பி ஏற்றுக்கொண்ட பணி. இதற்குச் சம்பளம் கிடையாது. காருக்கு எண்ணெய் ஊற்றும் செலவும் அவருடையதுதான்.

தாத்தா வரலாற்றுப் பட்டதாரி அல்லர். அஞ்சல் அலுவலகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். “வேலைக்குப் போன காலத்தில்கூட இவர் இவ்வளவு சீக்கிரம் எழுந்ததில்லை,” என்று பாட்டி கேலி செய்வார். தாத்தா சிரித்துக்கொண்டே சப்பாத்தை மாட்டிக்கொள்வார்.

சென்ற பள்ளி விடுமுறையில் நானும் அவருடன் சென்றேன். படிவம் நான்கில் பயிலும் எனக்கு வரலாறு என்றாலே ஆண்டுகளை மனனம் செய்வதுதான் நினைவுக்கு வரும். அந்த ஒரு நாள் என் எண்ணத்தை மாற்றியது.

எங்கள் பண்டார் பாரு, கெடா மாநிலத்தின் தெற்கு எல்லையில், கிரியான் ஆற்றங்கரையில் அமைந்துள்ளது. ஆற்றைக் கடந்தால் பேராக் மாநிலத்தின் பாரிட் புந்தார். சற்று மேற்கே சென்றால் பினாங்கு மாநிலத்தின் நிபோங் திபால். மூன்று மாநிலங்கள் சந்திக்கும் இடம் இது. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஏறி வடக்கு நோக்கிச் செல்லும்போது நாங்கள் செபராங் பிறையைக் கடந்தோம். வழியில் தாத்தா ஒரு கேள்வி கேட்டார்.

“பாப்பா, நம் வட்டாரத்தின் பழைய வரலாற்றை முதலில் எழுதி வைத்தவர்களுள் ஒருவர் யார் தெரியுமா? பேராசிரியர் அல்லர், படைவீரர்.”

அவர் குறிப்பிட்டது ஜேம்ஸ் லோ என்பவரை. மதராஸ் படையைச் சேர்ந்த அவர், இன்றைய செபராங் பிறையில் நிருவாக அதிகாரியாகப் பணியாற்றினார். தொல்லியல் அவருடைய தொழில் அன்று. ஆர்வம் மட்டுமே இருந்தது. 1834ஆம் ஆண்டு, செபராங் பிறையின் வட பகுதியில் எழுத்துகள் பொறிக்கப்பட்ட கல் ஒன்றை அவர் கண்டெடுத்தார். புத்தகுப்தர் என்னும் மாலுமி, தம் கடற்பயணம் நல்லபடியாக நிறைவேற வேண்டும் என்று வேண்டிப் பொறிக்கச் செய்த கல் அது. அதில் உள்ள எழுத்துகள் கி.பி. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று அறிஞர்கள் கருதுகின்றனர். இன்று அந்தக் கல் இந்தியாவில், கொல்கத்தாவின் இந்திய அரும்பொருளகத்தில் உள்ளது.

“நம் ஊர்க் கல் அவ்வளவு தூரத்தில் இருக்கிறதா, தாத்தா?” என்று வருத்தத்துடன் கேட்டேன்.

“ஆமாம். ஆனாலும் அது நம் ஊர்க் கல் என்று உலகத்துக்குத் தெரியும். ஏன்? எங்கே கிடைத்தது என்று லோ எழுதி வைத்தார். எழுதாமல் விட்டிருந்தால், அது கொல்கத்தாவில் கிடக்கும் ஏதோ ஒரு கல்.”

அந்தச் சொற்களின் பொருள் எனக்கு அப்போது முழுமையாக விளங்கவில்லை.

சுங்கை பட்டாணியைக் கடந்ததும் ஜெராய் மலை தெரிந்தது. 1,217 மீட்டர் உயரமுள்ள அம்மலை சமவெளியிலிருந்து தனியே எழுந்து நிற்கிறது. வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகளுக்கு அதுவே கரை நெருங்கிவிட்டதைக் காட்டும் அடையாளமாக விளங்கியது. அம்மலைக்கும் மூடா ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலப்பகுதிதான் பூஜாங் பள்ளத்தாக்கு. காற்றின் திசை மாறும்வரை வணிகர்கள் அங்குத் தங்கினர், வழிபாட்டிடங்களை எழுப்பினர், பண்டங்களை மாற்றிக்கொண்டனர்.

அரும்பொருளகம் மலையடிவாரத்தில், ஓடை ஒன்றின் அருகே, மரங்கள் சூழ்ந்த இடத்தில் இருக்கிறது. 1980ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அன்று நாற்பது மாணவர்கள் பேருந்தில் வந்திருந்தனர். தாத்தா அவர்களை முதலில் அரும்பொருளகத்தின் உள்ளே அழைத்துச் செல்லவில்லை. மேட்டின்மேல் உள்ள சண்டியிடம் அழைத்துச் சென்றார். ‘சண்டி’ என்பது இந்து, பௌத்த வழிபாட்டிடங்களின் எச்சங்களைக் குறிக்கும் மலாய்ச் சொல்.

“இந்த இடத்தின் பெயர் என்ன?” என்று தாத்தா கேட்டார்.

“புக்கிட் பத்து பஹாட், ஐயா!”

“புக்கிட் என்றால் குன்று, பத்து என்றால் கல். பஹாட்?”

ஒரு மாணவன் தயங்கியபடி, “உளி, ஐயா,” என்றான்.

“சரியாகச் சொன்னாய், தம்பி. இங்கே வாழ்ந்த மக்கள் இந்தக் கற்களைப் பார்த்து, யாரோ உளியால் செதுக்கியவை என்று அறிந்திருக்கிறார்கள். யார் கட்டினார் என்பதை மறந்துவிட்டாலும், மனிதர் கைப்பட்ட கல் என்பதை அந்தப் பெயரில் காப்பாற்றி வைத்தார்கள். ஊர்ப் பெயரும் ஒரு வரலாற்றுக் குறிப்புதான்.”

அந்தச் சண்டியின் அடித்தளமும் சுவர்களும் கருங்கற்களால் ஆனவை. மேற்கூரை இல்லை. மரத்தூண்கள் நின்ற இடங்களில் கல்லால் ஆன தூண் அடிகள் மட்டும் எஞ்சியுள்ளன. குவாரிச் வேல்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய மனைவி டோரதியும் 1936, 1937ஆம் ஆண்டுகளில் இப்பள்ளத்தாக்கில் முப்பது இடங்களை ஆராய்ந்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தனர். இந்தச் சண்டிக்கு அவர்கள் கொடுத்த எண் 8. பின்னர், அலஸ்டர் லாம்ப் என்பவரின் தலைமையில், சரிந்து கிடந்த கற்கள் மீண்டும் அடுக்கப்பட்டு 1960ஆம் ஆண்டளவில் சண்டி இன்றைய வடிவத்தைப் பெற்றது. அருகிலேயே வேறு சில சண்டிகளும் உள்ளன. அவை பள்ளத்தாக்கின் வேறு இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டு இங்கு மறுபடியும் அமைக்கப்பட்டவை.

அரும்பொருளகத்தின் உள்ளே கண்ணாடிப் பேழைகளில் சீனப் பீங்கான் ஓடுகள், மேற்காசியக் கண்ணாடித் துண்டுகள், வண்ண மணிகள் எனப் பல பொருள்கள் இருந்தன. மிளகு அளவே உள்ள சிறு மணிகளைத் தாத்தா சுட்டிக்காட்டினார். மூடா ஆற்றங்கரையிலுள்ள சுங்கை மாஸ் என்னும் ஊரில் இத்தகைய கண்ணாடி மணிகள் செய்யப்பட்டன. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டிலும் இதே வகை மணிகள் செய்யப்பட்டன. கடலின் இரு கரைகளிலும் ஒரே கைத்தொழில் நடந்திருக்கிறது.

தமிழ் இலக்கியமும் இந்தத் தொடர்புக்குச் சான்று கூறுகிறது. பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத் துறைமுகத்தில் குவிந்திருந்த பொருள்களை அடுக்கிக் கூறும்போது காழகத்திலிருந்து வந்தவற்றையும் குறிப்பிடுகிறது. காழகம் என்பது கடாரம் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் விளக்குகிறார். கடாரம் என்பதே இன்றைய கெடா. 1025ஆம் ஆண்டளவில் முதலாம் இராசேந்திர சோழன் கடாரத்தின்மீது படையெடுத்து வென்று ‘கடாரங்கொண்டான்’ என்னும் பட்டம் பெற்றான் என்பதை நாம் பாடநூலில் படித்திருக்கிறோம். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு நடந்த ஒன்றைத் தாத்தா நினைவூட்டினார். கடாரத்து அரசனின் பெயரால் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளி எழுப்பப்பட்டது. இராசேந்திரனின் தந்தையான முதலாம் இராசராசன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைத் தானமாக அளித்தான். பின்னாளில் நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டதால் ‘லெய்டன் செப்பேடுகள்’ என்று பெயர் பெற்ற செப்பேடுகளில் இச்செய்தி உள்ளது.

“போர் நடந்தது உண்மை. அதற்கு முன்னால் நட்பு இருந்ததும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் வரலாறு,” என்றார் தாத்தா.

மாணவர்கள் உணவு உண்ண அமர்ந்தனர். அப்போது தாத்தா தம் துணிப்பையிலிருந்து பழைய தீப்பெட்டி ஒன்றை எடுத்தார். அதற்குள் பஞ்சில் பொதிந்த ஓட்டுச் சில்லு ஒன்று இருந்தது. கட்டை விரல் அளவுதான் இருக்கும். வெண்மையான பரப்பில் நீல நிறப் பூவின் ஒரு பாதி தெரிந்தது.

“இது என்ன? எத்தனை வயது இருக்கும்?” என்று மாணவர்களிடம் கேட்டார்.

“சீனப் பீங்கான், ஐயா!” “அறுநூறு ஆண்டுகள் இருக்கும்!” “ஆயிரம் ஆண்டுகள்!” என்று ஆளுக்கொரு விடை சொன்னார்கள்.

தாத்தா தலையசைத்தார். “எனக்கும் தெரியாது. இனி யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது,” என்றார். பிறகு அந்தச் சில்லின் கதையைச் சொன்னார். வீட்டிலுள்ள எங்களுக்கும் அவர் அதுவரை சொல்லாத கதை அது.

தாத்தாவின் தந்தை தோட்டத்தில் தண்டலாக வேலை செய்தவர். வேலையின் பொருட்டுத் தென் கெடாவில் தோட்டம் தோட்டமாகக் குடும்பம் மாறிச் சென்றது. தாத்தாவுக்குப் பத்து வயதிருக்கும்போது, லயத்துக்குப் பின்னால் ஓடிய ஓடையில் நண்பர்களுடன் மீன் பிடித்தார். கரை சரிந்த இடத்தில் இந்தச் சில்லு பளபளத்தது. அதே இடத்தில் இன்னும் நிறைய ஓடுகள் இருந்தன. அழகாக இருந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றைத் தண்ணீரில் எறிந்து விளையாடினார்கள். சில்லு தீப்பெட்டிக்குள் போனது. ஆண்டுகள் ஓடின.

ஓய்வு பெற்ற பிறகு, ஒருநாள் அதை அரும்பொருள்களை அறிந்த அதிகாரி ஒருவரிடம் பெருமையுடன் காட்டினார். அவர் சில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“எங்கே கிடைத்தது?”

தாத்தாவால் விடை சொல்ல முடியவில்லை. எந்தத் தோட்டம்? எந்த ஓடை? அவர் வாழ்ந்த தோட்டங்களில் சில துண்டாடப்பட்டு விற்கப்பட்டுவிட்டன. சில, ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறிவிட்டன. லயங்கள் இருந்த இடத்தில் இன்று வீடமைப்புப் பகுதிகள் உள்ளன. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால், உடன் விளையாடிய நண்பர்களும் இல்லை, பெற்றோரும் இல்லை.

“அந்த அதிகாரி என்னைக் கடிந்துகொள்ளவில்லை. பொறுமையாக விளக்கினார். ‘இது பழங்கால வணிகர் கொண்டுவந்த பாத்திரமாகவும் இருக்கலாம், நூறாண்டுகளுக்கு முன் சீனர் கடையில் வாங்கிய கிண்ணமாகவும் இருக்கலாம். கிடைத்த இடமும், அதனுடன் கிடந்த மற்ற ஓடுகளும் தெரிந்திருந்தால் ஆராய்ந்து சொல்லியிருக்கலாம்,’ என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வாழ்நாள் முழுவதும் கடிதம் பிரித்தவன் நான். முகவரி இல்லாத கடிதம் எத்தனை அழகாக எழுதப்பட்டிருந்தாலும் யாரையும் போய்ச் சேராது. அந்தச் சில்லின் முகவரியைத் தொலைத்தவன் நான்தான்.”

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு மாணவி எழுந்து, “அதனால்தான் தன்னார்வலராக வந்தீர்களா, ஐயா?” என்று கேட்டாள்.

“ஆமாம், அம்மா. நான் செய்த தவற்றை நீங்கள் செய்யாமலிருந்தால் போதும்.”

பேருந்து புறப்பட்ட பின்னர், திரும்பும் வழியில் தாத்தா சுங்கை பத்து அருகே காரை நிறுத்தினார். 2009ஆம் ஆண்டு தொடங்கி மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பேராசிரியர் மொக்தார் சைடினின் தலைமையில் இங்கு அகழாய்வு மேற்கொண்டனர். செம்பனைத் தோட்டத்து மண்ணுக்கடியிலிருந்து செங்கல் கட்டடங்களும், படகுத்துறைகளும், இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களும் வெளிப்பட்டன. உலைக்குக் காற்றைச் செலுத்தப் பயன்பட்ட களிமண் ஊதுகுழாய்கள் குவியல் குவியலாகக் கிடைத்தன. அங்குள்ள வழிபாட்டு மேடை ஒன்று கி.பி. 110ஆம் ஆண்டளவில் கட்டப்பட்டது என ஆய்வாளர்கள் கணித்துள்ளனர்.

“தோட்டத்தில் மரம் நட்டவர்கள், களை எடுத்தவர்கள், உரம் போட்டவர்கள் எல்லாரும் இந்த மண்ணின்மீதுதானே நடந்திருப்பார்கள்?” என்று கேட்டேன்.

“ஆமாம். காலுக்கடியில் இருப்பது என்னவென்று தெரியாமல் நடந்தார்கள். தெரியாமல் நடப்பது குற்றமில்லை, பாப்பா. தெரியாமல் இடிப்பதுதான் ஆபத்து.”

பிறகு 2013ஆம் ஆண்டு நடந்ததை அவர் சொன்னார். வேல்ஸ் எண்ணிட்டு ஆராய்ந்த இடங்களுள் 11ஆம் எண் சண்டியும் ஒன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அச்சண்டி இருந்த நிலம் தனியாருக்குச் சொந்தமானது. மரபுடைமைத் தலமாக அது அரசிதழில் பதிவு செய்யப்படவில்லை. நில மேம்பாட்டு வேலையின்போது அந்தச் சண்டி இடிக்கப்பட்டுத் தரைமட்டமானது. பூஜாங் பள்ளத்தாக்கு ஆய்வு வட்டத்தின் தலைவர் டத்தோ வி. நடராஜன் அச்செய்தியை வெளிப்படுத்தினார். பழங்காலக் கெடாவைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதியவர் அவர். அந்த ஆண்டின் இறுதியில் நாடு முழுவதும் பல இனத்தவரும் வருத்தமும் கோபமும் தெரிவித்தனர். பள்ளத்தாக்கில் எஞ்சியிருப்பவற்றைப் பாதுகாக்க வேண்டும் என்ற குரல் வலுத்தது.

“கட்டியவர்கள் போனார்கள், சண்டி இருந்தது. இப்போது சண்டியும் போய்விட்டது. ஆனால், 1930களில் வேல்ஸ் எழுதி வைத்த குறிப்பு இருப்பதால், என்ன போனது என்றாவது நமக்குத் தெரிகிறது. குறிப்பே இல்லாத இடம் ஒன்று இடிந்தால்?” என்று தாத்தா கேட்டார்.

நான் விடை சொல்லவில்லை. இழந்தோம் என்பதைக்கூட அறியாமல் இழந்துவிடுவோம் என்று மட்டும் தோன்றியது.

மாலையில் வீடு திரும்பியபோது பக்கத்து வீட்டு வாசலில் பெட்டிகள் அடுக்கப்பட்டிருந்தன. அவ்வீட்டுப் பாட்டிக்கு எண்பது வயதுக்கு மேல் ஆகிறது. மறுவாரம் கூலிமில் உள்ள மகள் வீட்டுக்குக் குடிபெயர்கிறார். பழைய இரும்பு வாங்குபவர் மறுநாள் காலையில் வருவதாக இருந்தது. அவருக்காகத் தனியே ஒதுக்கி வைத்திருந்த குவியலில், துருவேறிய பால்வெட்டு உளி ஒன்று, இரண்டு மங்குகள், ஒரு பால் வாளி, தோளில் வாளிகளைச் சுமக்கும் காண்டாக் கம்பு, ஒரு பித்தளைச் செம்பு ஆகியவை கிடந்தன.

தாத்தா குனிந்து பார்த்தார். “அக்கா, இவற்றை நான் கொஞ்சம் பார்க்கலாமா?”

“பாரு, தம்பி. எல்லாம் குப்பைதானே. அந்தச் செம்பை மட்டும் புளி போட்டுத் தேய்த்து விற்றால் நாலு வெள்ளி கூடுதலாகக் கிடைக்கும் என்று பேரன் சொன்னான்.”

“புளி வேண்டாம், அக்கா!” என்று தாத்தா அவசரமாகச் சொன்னார். பழைய உலோகப் பொருள்களை அழுத்தித் தேய்த்தால் மேற்பரப்பில் உள்ள அடையாளங்கள் தேய்ந்துவிடும் என்று எனக்கு விளக்கினார். உருப்பெருக்கிக் கண்ணாடியை என்னிடம் நீட்டினார். செம்பின் விளிம்பை மெல்லத் திருப்பினேன். அழுக்குக்கு அடியில், புள்ளி புள்ளியாகப் பொறிக்கப்பட்ட எழுத்துகள் தெரிந்தன. ஒரு தலைப்பெழுத்து, அதைத் தொடர்ந்து ஒரு பெண்ணின் பெயர்.

நான் அந்தப் பெயரை வாசித்தேன். பாட்டி வேலையை நிறுத்திவிட்டு என்னை உற்றுப் பார்த்தார்.

“அது என் மாமியாரைப் பெற்றவர் பெயர், கண்ணு. கப்பலேறி வரும்போது அந்த அம்மா கையில் கொடுத்தனுப்பிய செம்பு இது ஒன்றுதான் என்று மாமியார் சொல்வார். நான் மறந்தே போய்விட்டேன்.”

பாட்டி நாற்காலியில் அமர்ந்தார். அதன்பின் நாங்கள் கேட்கக் கேட்க, அவர் சொல்லிக்கொண்டே போனார். மாமியார் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியது. விடியுமுன் பெரட்டுக்குச் சென்று பெயர் கொடுத்தது. குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு மரம் சீவப் போனது. மழை பெய்தால் அன்றைய சம்பளம் போனது. உளியின் பிடியில் மாமியாரே துணி சுற்றியது. கடாரத்து அரசனின் பெயரால் விகாரம் எழுந்த அதே நாகப்பட்டினத்திலிருந்து, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பெண் ஒரு செம்புடன் கடாரத்து மண்ணுக்கு வந்திருக்கிறார். காலையில் அரும்பொருளகத்தில் கேட்ட வரலாறு, மாலையில் பக்கத்து வீட்டு வாசலில் வந்து நின்றதைப் போல் இருந்தது.

தாத்தா தம் குறிப்பேட்டை என்னிடம் கொடுத்தார். “இன்று நீ எழுது,” என்றார். பென்சிலால்தான் எழுதச் சொன்னார். பொருள்களுக்கு அருகில் மைப் பேனாவைப் பயன்படுத்தக் கூடாது. மை சிந்தினால் கறை போகாது. அவர் சொல்லித் தந்த ஐந்து கேள்விகளை வரிசையாக எழுதினேன்.

இது என்ன பொருள்? எதனால் ஆனது, எவ்வளவு நீளம், எவ்வளவு உயரம்?

எங்கே இருந்தது? தோட்டம், ஊர், வீடு எது?

எந்தக் காலத்தில் பயன்பட்டது?

யாரிடமிருந்து யாருக்கு வந்தது?

இதைச் சொன்னவர் யார்? என்றைக்குச் சொன்னார்?

அளவுகோலைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பொருளையும் கைப்பேசியில் படம் எடுத்தேன். படத்தில் அளவுகோல் இருந்தால்தான் பார்ப்பவருக்குப் பொருளின் உண்மையான அளவு புரியும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, அதே எண்ணைக் குறிப்பேட்டிலும் எழுதினேன். பாட்டிக்குத் தெரியாததை அப்படியே விட்டோம். மாமியார் வந்த கப்பலின் பெயரோ ஆண்டோ அவருக்கு நினைவில்லை. “ரஜூலாவாக இருக்கலாம் என்று எழுதட்டுமா, தாத்தா?” என்று கேட்டேன். அந்த வழியில் பல்லாண்டுகள் ஓடிய புகழ்பெற்ற கப்பல் அது.

“வேண்டாம். பாட்டி சொல்லாததை நாம் எழுதினால், பின்னால் படிப்பவர் அதையும் உண்மையென்று நம்பிவிடுவார். ‘நினைவில்லை’ என்று எழுது. அதுவும் ஒரு தகவல்தான்.”

செம்பைப் பாட்டி தம்முடனேயே எடுத்துச் செல்ல முடிவு செய்தார். மறுநாள் காலை இரும்பு வாங்குபவர் வந்தபோது அவருக்குக் கொடுக்கப் பழைய சட்டிகள் சில மட்டுமே இருந்தன. உளியையும் மங்குகளையும் எங்கள் பள்ளியின் வரலாற்று மூலைக்குக் கொடுக்கப் பாட்டி மனமுவந்து இசைந்தார். அவற்றின் பக்கத்தில் நான் எழுதிய அட்டையும் இருக்கிறது. புக்கிட் பத்து பஹாட்டில் கல்லைச் செதுக்கிய உளியை இன்று நாம் காண முடியாது. ஆனால், தோட்டத்தில் மரம் சீவிய ஓர் உளி எங்கள் பள்ளியில் இருக்கிறது. அதைப் பிடித்தவர் யார் என்பதும் தெரிகிறது.

இப்பணிக்குப் பெரிய பட்டமோ பணமோ தேவையில்லை என்பதை நான் கண்டுகொண்டேன். கோலாலம்பூரில் உள்ள தேசிய அரும்பொருளகத்திலும் தன்னார்வலர்கள் பயிற்சி பெற்று, வருகையாளர்களுக்குப் பல மொழிகளில் விளக்கம் அளிக்கின்றனர். அவர்களுள் பலர் வேறு தொழில் செய்தவர்கள். பொறுமையும், கேட்கும் காதும், உள்ளதை உள்ளபடி எழுதும் நேர்மையும்தான் இப்பணிக்கு முதல் தகுதிகள்.

அதே சமயத்தில், ஆர்வத்துக்கும் எல்லை உண்டு. பழமையானதாகத் தோன்றும் பொருளை மண்ணில் கண்டால் தோண்டக் கூடாது. வீட்டுக்கு எடுத்துவரவும் கூடாது. இருந்த இடத்திலேயே விட்டுப் படமெடுத்து, இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் மாவட்ட அதிகாரிக்கோ மரபுடைமைத் துறைக்கோ தெரிவிக்க வேண்டும். 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம் இதைக் கண்டெடுப்பவரின் கடமையாக்கியுள்ளது. பத்து வயதில் தாத்தாவுக்கு இதைச் சொல்ல யாரும் இல்லை. நமக்குச் சொல்ல ஆள் இருக்கிறார்கள்.

இப்போது என்னிடமும் ஒரு குறிப்பேடு உள்ளது. அதன் முதல் பக்கத்தில் தாத்தாவின் ஓட்டுச் சில்லைப் பற்றி எழுதினேன். நீளம், நிறம், நீலப் பூவின் வடிவம் எல்லாவற்றையும் குறித்தேன். ‘எங்கே கிடைத்தது?’ என்ற கேள்விக்கு வந்ததும் தாத்தாவைப் பார்த்தேன். அவர் சற்று நேரம் யோசித்தார்.

“தென் கெடாவில், பெயர் நினைவில்லாத ஒரு தோட்டத்தில், லயத்துக்குப் பின்னால் ஓடிய ஓடையில்,” என்றார்.

அவர் சொன்னபடியே எழுதினேன். முழு முகவரி இல்லைதான். ஆயினும், அதற்குமுன் அந்தச் சில்லுக்கு அதுகூட இல்லை.

சிந்தித்து விடையளிப்போம்

1. ‘முகவரி இல்லாத கடிதம்’ என்று தாத்தா எதைக் குறிப்பிடுகிறார்? ஏன்?

2. புத்தகுப்தர் கல், 11ஆம் எண் சண்டி, தாத்தாவின் ஓட்டுச் சில்லு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு, எழுதி வைப்பதன் பயனை விளக்குக.

3. கப்பலின் பெயரை ஊகித்து எழுதத் தாத்தா ஏன் இசையவில்லை? நீங்கள் அவருடைய கருத்தை ஏற்கிறீர்களா?

4. உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள பழைய பொருள் ஒன்றைத் தெரிவு செய்க. பெரியவர் ஒருவரிடம் ஐந்து கேள்விகளையும் கேட்டு, அவர் சொன்னதை மட்டும் கொண்டு ஒரு குறிப்பு அட்டை எழுதுக.